கப்பல் கட்டணத்தை யார் கட்டுவது?

கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் ஊர் என்றே யோங் பெங்கைப் பலரும் அறிவார்கள். சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி, லாபிஸ் பக்கம் போகும் பழைய சாலையில் திரும்பினால் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்தபடி இழுத்து, இருபது கிலோ வரை கனக்கும் குலையைக் கீழே தள்ள வேண்டும். இந்த வேலையை மனிதக் கையிடமிருந்து முழுதாக வாங்கிக்கொள்ளும் இயந்திரம் இன்னும் வரவில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே மரத்தடிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வெட்டிய குலை சீக்கிரம் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே ஆண்டு முழுக்க ஆள் தேவை. மலேசியத் தோட்டங்களில் இன்று அந்த ஆள் பெரும்பாலும் இந்தோனேசியர், இல்லையென்றால் வங்காளதேசி. மூன்று தலைமுறைக்கு முன்னால் பெரிய தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். மரமும் மாறியது, ஆளும் மாறினார். வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்துதான் தோட்டம் நடக்கிறது என்பது மட்டும் மாறவில்லை.

நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் அந்நியத் தொழிலாளர்கள் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது 12-வது மலேசியத் திட்டம். இதை 2030-க்குள் 10 விழுக்காடாகவும் 2035-க்குள் 5 விழுக்காடாகவும் இறக்குவது அடுத்த இலக்கு. நாடாளுமன்றத்திலும் காப்பிக் கடையிலும் பேச்சு இந்த எண்ணைச் சுற்றியே ஓடுகிறது. ஆனால் வந்த ஆட்களால் உள்ளூர்க்காரருக்கு லாபமா நட்டமா என்பது எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கோடு முடிவதில்லை. வந்தவரின் வழிச்செலவை யார் கட்டினார், அந்தக் கடன் யார் தலையில் இருக்கிறது, பிடிக்காத முதலாளியை விட்டு அவர் போக முடியுமா என்ற மூன்று கேள்விகள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. இவற்றுக்கு மலாயா 1907-லேயே பாதி விடை கண்டது. அந்தப் பாதியையும் நாம் பிறகு கைவிட்டுவிட்டோம்.

1907-இல் ஏற்பட்டது தமிழர் குடியேற்ற நிதி; பின்னாளில் அது இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. அதற்கு முன், ஆள் கட்டிவந்த தோட்டக்காரர் கப்பல் கட்டணத்தைத் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதுவார். கடன் தீரும் வரை ஆள் அவருக்குச் சொந்தம். ஒருவர் செலவு செய்து கொண்டுவந்த ஆளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு காசு கூட்டிக் கொடுத்து இழுத்துவிடுவார் என்ற சண்டையும் ஓயாமல் இருந்தது. இதற்குக் கண்ட வழி எளிமையானது. இந்தியத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் எல்லா முதலாளிகளும், எத்தனை ஆள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்குப்படி நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கப்பலேறும் தொழிலாளியின் வழிச்செலவு அந்த நிதியிலிருந்து போகும். எனவே அவர் மலாயாவில் இறங்கும்போது சட்டப்படி கடனாளி அல்ல. ஒப்பந்தக் கூலிமுறையும் 1910-இல் ஒழிந்தது. அதன்பின் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்ற நிலை வந்தது.

இதைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டம் தந்த சுதந்திரத்தை, ஊரிலிருந்து ஆள் சேர்த்துவந்து மேற்பார்த்த கங்காணியின் அதிகாரமும், கடைக் கணக்கும், கள்ளுக்கடையும், வெளியுலகம் தெரியாத லயத்து வாழ்க்கையும் பெருமளவு விழுங்கின. ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது; தன் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு வருமானம். இந்திய அரசின் சார்பில் 1936 கடைசியில் மலாயா வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, ஆண்களுக்கான கூலியைப் பழையபடி 50 காசாக்க வேண்டும், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தார். கூலி மறுபடியும் குறைக்கப்பட்டதும் 1938-இல் இந்திய அரசு, உதவிப் பணத்தில் கூலியாட்களை அனுப்புவதையே தடை செய்தது. குறைகள் இத்தனை இருந்தும், வழிச்செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டாதே என்ற ஒரு விதியில் அந்தக் காலனிய ஏற்பாடு இன்றைய நடைமுறையைவிட முன்னே நின்றது.

இன்றைய தற்காலிக வேலைப் பாஸில் முதலாளியின் பெயர் இருக்கிறது. அவரை விட்டு விலகினால் பொதுவாகப் பாஸும் போய்விடும். மறுநாளே அந்தத் தொழிலாளி சட்டவிரோதக் குடியேறி. அந்நியத் தொழிலாளருக்காக அரசு வசூலிக்கும் லெவியை 2018 முதல் முதலாளியே ஏற்க வேண்டும் என்பது சட்டம். தோட்டத் தொழிலுக்கு அது ஆளுக்கு ஆண்டுக்கு 640 ரிங்கிட், தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் 1,850. ஆனால் கிராமத்து ஏஜென்டு முதல் கோலாலம்பூர் இடைத்தரகர் வரை கைமாறும் பணத்தைத் தொழிலாளிதான் கடன் வாங்கிக் கட்டுகிறார். 17,000 ரிங்கிட் கடனோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். சாப்பிடாமல் இருந்தாலும் பத்து மாத உழைப்பு கடனுக்கே போகும். அப்படிப்பட்டவர் மிகைநேர வேலைக்கு மறுப்புச் சொல்ல மாட்டார், சங்கத்தில் சேர மாட்டார், சம்பளம் தாமதமானால் தொழிலாளர் இலாகாவுக்குப் போக மாட்டார். முதலாளிக்கு அவர் மலிவாகத் தெரிவதற்கு அவர் வந்த நாட்டைவிட அவர் கழுத்தில் இருக்கும் கடன்தான் காரணம்.

உள்ளூர்க்காரர் இதில் எங்கே அடிபடுகிறார்? உலக வங்கி மலேசியாவைப் பற்றி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. ஒரு மாநிலத்தில் ஒரு துறைக்குப் பத்து அந்நியத் தொழிலாளர்கள் வந்தால், கூடவே ஐந்து மலேசியர் வரை வேலை பெறுகிறார்கள். மேற்பார்வை, கணக்கு, போக்குவரத்து என்று வேலை விரிகிறது. வருகை 10 விழுக்காடு கூடினால் மலேசியர்களின் சராசரி ஊதியம் 0.14 விழுக்காடு உயர்கிறது. அந்நியர் வேலையைப் பறிக்கிறார் என்ற பொதுக் குற்றச்சாட்டு இங்கே நிற்கவில்லை. ஆனால் தொழிலாளர்களில் 14 விழுக்காடாக இருக்கும், குறைந்த படிப்புள்ள மலேசியர்களின் ஊதியம் 0.74 விழுக்காடு சரிகிறது. ஏற்கெனவே வந்திருக்கும் அந்நியத் தொழிலாளர்களுக்குச் சரிவு 3.94 விழுக்காடு. ஆதாயம் நாடு முழுக்கப் பரவ, நட்டம் கடைசி வரிசையில் குவிகிறது.

அந்தக் கடைசி வரிசையில் தோட்டத் தமிழர்கள் நின்றார்கள் என்பது நம் சமூக வரலாறு. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. அதை அமல்படுத்தியபோது சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அடுத்த பத்தாண்டுகளிலேயே தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, குத்தகையாளர்கள் மூலம் இந்தோனேசியத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். 1984-இல் இந்தோனேசியாவோடு செய்த மேடான் ஒப்பந்தம் அதற்கு அரசு முத்திரை போட்டது. குத்தகைக்காரரிடம் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது மாதச் சம்பளம் கேட்ட தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் குரல் எடுபடவில்லை. சட்டப்படியான குறைந்தபட்ச சம்பளம் 2013-இல்தான், தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக வந்தது. அதற்குள் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகி, லட்சக்கணக்கானோர் லயத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள்.

அப்படியானால் எண்ணிக்கையைக் குறைப்பதுதானே நேர்வழி என்று கேட்கலாம். கோவிட் காலத்தில் அது தற்செயலாகவே நடந்தது. எல்லை மூடியது, புது ஆள் வரவில்லை. உள்ளூர்க்காரரைத் தோட்டத்துக்கு அழைத்த முயற்சிகள் போதுமான ஆளைத் தரவில்லை. குலைகள் மரத்திலேயே பழுத்து வீணாயின. சம்பளமும் வீடும் கருவியும் மாறாமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் காலி இடம் காலியாகவே கிடக்கும், இல்லாவிட்டால் பெர்மிட் இல்லாத ஆள் வந்து நிரப்புவார். இரண்டிலும் யோங் பெங் இளைஞருக்கு ஒன்றும் கிடைக்காது. அவர் சிங்கப்பூர் வேலைக்குத்தான் போவார்.

தொழிலாளி இஷ்டப்படி மாறலாம் என்றால் செலவழித்துக் கொண்டுவந்த முதலாளி ஏமாறுவாரே என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமான கவலை. சிறுதோட்டக்காரருக்கும் மூவார் தளவாடத் தொழிற்சாலைக்காரருக்கும் ஓர் ஆள் போவது பெரிய இழப்பு. 1907-இல் எழுந்ததும் இதே கவலைதான். விடையும் அங்கேயே இருக்கிறது. எல்லா முதலாளிகளும் பொது நிதியில் கட்டினால் வழிச்செலவு எந்த ஒருவரின் முதலீடும் அல்ல. ஆள் மாறினாலும் புது முதலாளி தன் பங்கைக் கட்டிக்கொண்டே இருப்பார். அதோடு, கடனைத் தொழிலாளி தலையில் விட்டது நிறுவனங்களுக்கும் மலிவாக முடியவில்லை. கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டில் 2020-இல் டாப் குளோவ், எஃப்ஜிவி, சைம் டார்பி பிளாண்டேஷன் பொருட்களை அமெரிக்கா தடுத்தது. தடை நீங்குவதற்குள் டாப் குளோவ் மட்டும் ஆள்சேர்ப்புக் கட்டணமாகத் தொழிலாளர்கள் கட்டிய சுமார் 15 கோடி ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

உரிமை கொடுத்தால் நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள் என்பது கடைசி அச்சம். முதலாளி மாறும் உரிமை வேறு, குடியுரிமை வேறு. தவிர, தற்காலிகம் என்ற முத்திரை யாரையும் தற்காலிகமாக்கிவிடுவதில்லை. 2018-இல் அரசு குடியுரிமை தருவதாக அறிவித்த 3,407 இந்தியர்கள் அறுபது வயதைக் கடந்தவர்கள். வாழ்நாளில் பெரும்பகுதியைக் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கழித்தவர்கள். கடன் இல்லாமல் வருபவர்தான் சேமித்துக்கொண்டு ஊர் திரும்ப முடியும். கடன் தீராதவர் பாஸ் முடிந்தாலும் ஒளிந்து தங்குகிறார்.

நாடு சரியான திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. அந்நியத் தொழிலாளர்களுக்கு 2019-இல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு வந்தது. 2025 அக்டோபர் முதல் அவர்களுக்கும் இபிஎஃப் என்ற சேமநிதிச் சந்தா உண்டு. ஒவ்வொன்றும் அந்நியருக்கும் உள்ளூர்க்காரருக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைக் குறைக்கிறது. மிச்சமிருப்பது கடனும், ஒரே முதலாளியோடு பிணைக்கும் கட்டும். பல அடுக்கு லெவி பற்றி அரசு பேசிவரும் இந்த நேரத்தில், லெவியில் ஒரு பங்கைப் பொது நிதியாக்கி வழிச்செலவுக்கு ஒதுக்கட்டும். அதே துறைக்குள் முதலாளி மாறும் உரிமையைப் பாஸிலேயே எழுதட்டும். நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவருக்கு ஏட்டளவிலாவது கிடைத்த ஒரு மாத முன்னறிவிப்பு, இன்று டாக்காவில் விமானம் ஏறுபவருக்குக் கிடையாது. அதைத் திருத்தாத வரை 15, 10, 5 என்று எந்த விழுக்காட்டை எழுதினாலும் கடைசி வரிசையின் சம்பளம் உயராது.