மரபுவழி மிகைக்கொழுப்பும் இரத்த வடிகட்டல் மருத்துவமும்: கரிசல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிறவியிலேயே இரத்தத்தில் கொழுப்பு மிகும் மரபுவழிக் குறைபாட்டுக்கு, எல்.டி.எல். எனும் கொழுப்புப்புரதத்தை இயந்திரத்தின் வழியே பிரித்தகற்றும் மருத்துவம் வழக்கில் உள்ளது. அதன் செயல்முறையையும் எல்லையையும் விளக்கும் இக்கட்டுரை, உறவுமுறைத் திருமணம் நிலவும் கரிசல் வட்டாரத்தில் குடும்பவழிக் கண்டறிதலே முதன்மைத் தேவை என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மரபுவழி மிகைக்கொழுப்பு, எல்.டி.எல். ஏற்பி, இரத்த வடிகட்டல், உறவுமுறைத் திருமணம், கரிசல் வட்டாரம்

முன்னுரை

கொழுப்பு மிகுதியை உணவோடு மட்டும் இணைத்துப் பார்ப்பது பொது வழக்கம். கம்பும் சோளமும் உண்டு வளரும் குழந்தைக்கும் எல்.டி.எல். அளவு ஒரு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைக் கடக்கக்கூடும். காரணம் கல்லீரலில் உள்ளது. கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் இரத்தத்திலிருந்து எல்.டி.எல். துகள்களைப் பற்றி உள்ளிழுக்கின்றன. இதனைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவரும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

பெற்றோருள் ஒருவரிடமிருந்து பழுதான மரபணுவைப் பெற்றவருக்கு ஏற்பிகளின் செயல் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நடுத்தர வயதிலேயே மாரடைப்பு நேரலாம். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கு ஏற்பிகள் மிகக் குறைவாகவே செயல்படும் அல்லது முற்றிலும் செயல்படா. முழங்கை, முழங்கால், குதிகால் தசைநாண் ஆகிய இடங்களில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தோன்றும். மருத்துவம் பெறாதவிடத்து இருபது வயதுக்கு முன்பே இதயக் குழாய்கள் அடைபடக்கூடும்.

வடிகட்டலின் செயல்முறை

இம்மருத்துவம் சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்யப்படும் டயாலிசிஸிலிருந்து வேறுபட்டது. டயாலிசிஸ் சவ்வு யூரியா போன்ற சிறு மூலக்கூறுகளையே வெளியேற்றும். எல்.டி.எல். துகளோ யூரியாவைவிடப் பல்லாயிரம் மடங்கு எடை மிக்கது. அச்சவ்வின் நுண்துளைகளில் நுழையாது. ஆகவே அதனைத் தனியே பற்றிப் பிரிக்கும் உத்தி தேவைப்பட்டது.

1975இல் இலண்டனில் தாம்சனும் உடன் ஆய்வாளர்களும் நோயாளியின் பிளாஸ்மாவை அகற்றி மாற்று நீர்மம் செலுத்தும் முறையைப் பதிவுசெய்தனர். அதில் நன்மை தரும் எச்.டி.எல். முதலியனவும் சேர்ந்தே வெளியேறின. 1981இல் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் எதிர்ப்பொருள்களைக் கொண்டு எல்.டி.எல். துகளை மட்டும் பிரித்தனர். பின்னர் ஜப்பானில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் முறை உருவானது. எல்.டி.எல். துகளின் புரதப் பகுதி நேர்மின்னேற்றம் கொண்டது. எதிர்மின்னேற்றமுடைய டெக்ஸ்ட்ரான் சல்பேட் மணிகளில் அது ஒட்டிக்கொள்ளும். தூய்மையான பிளாஸ்மா இரத்த அணுக்களுடன் மீண்டும் உடலுக்குத் திரும்பும். அமிலத்தன்மை ஊட்டிய பிளாஸ்மாவில் ஹெப்பாரினைச் சேர்த்து எல்.டி.எல். துகளை வீழ்படிவாக்கும் முறையும் உண்டு.

ஓர் அமர்வு இரண்டு முதல் நான்கு மணி நேரம் நீடிக்கும், எல்.டி.எல். அளவு 60 முதல் 70 விழுக்காடு வரை குறையும். ஆயினும் மரபணுப் பழுது நீங்குவதில்லை. உடல் மீண்டும் கொழுப்பை உற்பத்தி செய்வதால் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ வாழ்நாள் முழுவதும் இதனைத் தொடர வேண்டும்.

ஸ்டாட்டின் மருந்துகளும் பிசிஎஸ்கே9 தடுப்பு ஊசிகளும் ஏற்பிகளின் செயலைப் பெருக்கியே பயன் தருகின்றன. ஏற்பியே செயல்படாதவரிடம் அவற்றின் பயன் மிகக் குறைவு. வடிகட்டல் ஏற்பியைச் சாராதது. இன்றும் அதற்கு இடமுள்ளமைக்கு இதுவே காரணம்.

கரிசல் வட்டாரமும் உறவுமுறைத் திருமணமும்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் சுமார் 28 விழுக்காட்டினர் உறவினரை மணந்தவர்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சூழ்ந்த கரிசல் வட்டாரத்திலும் முறைப்பெண்ணை மணக்கும் வழக்கம் வேரூன்றியது.

உலக மதிப்பீட்டின்படி சுமார் 250 பேரில் ஒருவர் ஒற்றைப் பழுது உடையவர் எனக் கொண்டால், உறவற்ற இணையரிடம் இரட்டைப் பழுதுடைய குழந்தை பிறக்கும் வாய்ப்பு 2,50,000இல் ஒன்று. அத்தை மகள் அல்லது மாமன் மகளை மணந்தோரிடம் அது சுமார் 8,000இல் ஒன்றாகவும், தாய்மாமன்–அக்காள் மகள் இணையரிடம் சுமார் 4,000இல் ஒன்றாகவும் உயர்கிறது. இவை மரபியல் விதிப்படி பெறப்படும் கணக்கீடுகள்.

வானம் பார்த்த பூமியிலும் தீப்பெட்டித் தொழிலிலும் நாட்கூலியை நம்பி வாழும் குடும்பம், மாதத்தில் இருமுறையேனும் பெருநகர மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது எளிதன்று. இங்கே வடிகட்டலின் எல்லை மருத்துவத்தால் மட்டுமன்றி வாழ்வியலாலும் வரையறுக்கப்படுகிறது.

முடிவுரை

ஒருவரிடம் இக்குறைபாடு உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரைச் சோதிப்பதே குடும்பவழிக் கண்டறிதல். ஒற்றைப் பழுதுடையோருக்கு 8 முதல் 10 வயதிலேயே விலை குறைந்த ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கலாம்; பெரும்பாலோர் வடிகட்டலை நாட வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்காகவும் நீரிழிவுக்காகவும் வீடுதோறும் செல்கின்றனர். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உண்டா, குழந்தையின் மூட்டுகளில் மஞ்சள் கட்டிகள் உண்டா என்னும் இரு வினாக்களை அவர்கள் சேர்த்துக் கேட்பது இயலக்கூடியதே. முறைமணம் பேசும் குடும்பங்கள் முன்னதாகவே கொழுப்புச் சோதனை செய்துகொள்வதும் பயன் தரும். வடிகட்டும் இயந்திரம் ஏற்பியற்ற சிலருக்கு இன்றியமையாதது. அச்சிலரின் எண்ணிக்கை பெருகாமல் காப்பது குடும்பவழிக் கண்டறிதலே.