சுவிட்சை அணைத்த பின்னும் அடிக்கும் மின்சாரம்



பழைய பொருட்களை எளிதில் எறிந்துவிடாதவர்கள் நாம். தோட்டத்துப் பங்களா ஏலத்தில் வந்தது, பாட்டனார் காலத்தில் வாங்கியது என்று ஏதாவதொரு கனத்த இரும்புப் பெட்டி அலமாரியின் மேல் கிடக்கும். அது வால்வு வானொலியாக இருக்கலாம். அபூர்வமாக, அமெச்சூர் வானொலிக்காரர் ஒருவர் பயன்படுத்திய ஒலிபரப்பியாகவும் இருக்கலாம். விடுமுறைக்கு வீடு வந்த மகன், "உம்மா, ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்பான். அப்போது என்ன பதில் சொல்வது?

வானொலிப் பெட்டி செய்தியை வாங்கும். ஒலிபரப்பி அதை அனுப்பும். இலங்கையில் 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்பர் அதற்கு முன் செய்த சோதனைகளில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கம்பியில்லாக் கருவிப் பாகங்களைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து ஒலிபரப்பிகளின் உயிர் வால்வுதான். இலாப நோக்கமின்றி, அனுமதிப்பத்திரம் பெற்று, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுபவரே அமெச்சூர் வானொலிக்காரர்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வால்வு ஒலிபரப்பிக்கு அது போதாது. பழைய கருவிகளில் அதிகம் காணப்படும் 807 என்ற வால்வின் தட்டுக்கு 600 முதல் 750 வோல்ட் வரை வேண்டும். இதைத் தயாரித்துக் கொடுப்பது பவர் சப்ளை. டிரான்ஸ்போமர் வோல்டேஜை உயர்த்துகிறது. ரெக்டிஃபயர் அதை ஒருதிசை மின்சாரமாக்குகிறது. கண்டென்சர்கள் அதைச் சேமித்துச் சீராக்குகின்றன.

இந்தச் 'சேமிப்பு' என்ற சொல்லைத்தான் மறக்கக் கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் நிற்கும். அதை மெல்ல வடித்துவிட ஒரு ரெசிஸ்டரை வைத்திருப்பார்கள். பல்லாண்டு கழிந்த கருவியில் அது அறுந்து போயிருக்கலாம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. கை வைத்தவரின் உயிரே போகலாம்.

"எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்று சிலர் நினைப்பார்கள். டிரான்ஸ்போமருக்கு அப்பால் உள்ள உயர் வோல்டேஜ் ஒருவரைத் தாக்கினால், ட்ரிப் சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது.

எந்த ஒழுங்கில் பார்ப்பது?

இது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அவர் முறையாகச் செய்கிறாரா என்று கவனிக்க நமக்கும் அறிவு வேண்டும். பழுது பார்ப்பதில் முதல் விதி, பவர் சப்ளையிலிருந்து தொடங்குவதே. அது சரியில்லாமல் மற்றப் பாகங்களைக் குடைவது, கிணறு வற்றியிருக்கக் குழாயைத் திருத்துவதற்குச் சமம்.

முதலில், எத்தனை வோல்ட் கருவி என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கருவிகள் பல 110 வோல்டுக்கானவை. நேராகச் செருகினால் டிரான்ஸ்போமர் கருகும்.

இரண்டாவது, வருடக்கணக்கில் உறங்கிய கண்டென்சர்களுக்கு உடனே முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. உள்ளே உள்ள மெல்லிய காப்புப் படலம் கெட்டிருக்கும்; வெடிக்கவும் கூடும். முதலில், 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துச் சோதிப்பார்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட் இருக்கிறது.

அடுத்து, அறிகுறிகள்:

பியூஸ் உடனே போகிறதா? அணைத்து, மின்சாரத்தை வடித்துவிட்டு, ரெக்டிஃபயர் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் போனால் சந்தேகம் டிரான்ஸ்போமர் மேல். போகாவிட்டால் ரெக்டிஃபயர் அல்லது கண்டென்சர். பெரிய பியூஸ் போடுவதும், சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும் வீட்டுக்கே தீ வைக்கும் வேலை.

வால்வுகள் ஒளிர்ந்தும் உயர் வோல்டேஜ் இல்லையா? ரெக்டிஃபயரும் சோக் சுருளும் பார்க்கப்பட வேண்டும். ஒலியோடு 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் கண்டென்சர் வறண்டுவிட்டது. கடைசி வால்வின் தட்டு சிவந்து பழுத்தால், அதன் கிரிட்டுக்கு வர வேண்டியது வரவில்லை, அல்லது ஏரியல் பக்கச் சுற்று சரியாக இசைக்கப்படவில்லை. உடனே அணைக்க வேண்டும்.

நம் மலைக்கே உரிய தொல்லைகள்

1,800 மீட்டருக்கு மேல் உள்ள நுவரெலியாவிலும், மழை ஓயாத ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கங்களிலும் ஈரம்தான் முதல் எதிரி. உப்பும் தீப்பெட்டியும் நமத்துப்போவது போலவே பழைய காகிதக் கண்டென்சரும் டிரான்ஸ்போமரின் சுற்றும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. கருவியைச் சில நாட்கள் உலர்ந்த, மெல்லிய வெதுவெதுப்பான இடத்தில் வைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

சில ஒலிபரப்பிகளில் 866 என்ற பாதரச ரெக்டிஃபயர் இருக்கும். குளிரில் அதன் இழையை நன்றாகச் சூடாக்காமல் உயர் வோல்டேஜ் கொடுத்தால் கெட்டுவிடும். உடைந்தால் பாதரசம் சிந்தும், அது நஞ்சு. குழந்தைகளை விலக்கி, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் அதிகம். அந்நேரத்தில் ஏரியலைக் கழற்றாமல் வைப்பது ஆபத்து.

உங்கள் பொறுப்பு

வீட்டில் எவரும் தனியாக இந்தப் பெட்டியைத் திறக்க அனுமதிக்காதீர்கள். மெயின் சுவிட்ச் எது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிளக் கழற்றிய பின், பிளாஸ்டிக் பிடியுள்ள குச்சியில் ரெசிஸ்டர் பொருத்தி, அதன் வயரை முதலில் இரும்புச் சட்டத்தில் மாட்டி, பிறகு கண்டென்சரைத் தொட்டு மின்சாரத்தை வடிக்க வேண்டும். மீட்டரால் அளந்து உறுதி செய்த பிறகே கை உள்ளே போகலாம்.

ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டால் பதறி அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இத்தனை பாடு எதற்கு?

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது அம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செத்தன. இலங்கை அமெச்சூர் வானொலிக்காரர்களே கார் பற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவியோடு சென்று கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள். அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண், தம் வானொலி வழியே தப்பியவர்களின் செய்திகளை உறவினர்களுக்கு எட்டச் செய்தார். அவை புதுக் கருவிகள்தாம். ஆனால் கலை இதே கலை. மண்சரிவில் பாதை அடைபட்டு, தொலைபேசியும் அறுந்துபோகும் மலைநாட்டுக்கு இந்த அறிவு வேண்டாததா?

ஆகவே மகனிடம் "தொடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஆர்வம் மகளுக்கு இருந்தாலும் இதையே சொல்லுங்கள்: "முதலில் படி. தெரிந்தவரோடு சேர்ந்து திற. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி, அனுமதி பெற்ற பிறகு பேசு." அனுமதியின்றி ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். உயிரும் அமானிதம், சட்டமும் அமானிதம். இரண்டையும் காத்துக்கொண்டு கற்கும் பிள்ளையின் கையில் அந்தப் பழைய பெட்டி ஒருநாள் ஊருக்கே உதவலாம்.