வேல்யூவேஷன் ஆபீஸை விற்க முடியுமா? எதற்கு விலை, எவ்வளவு வரி?



"இருபது வருஷமா பேங்க்குகளுக்கு வீடு, மனை மதிப்பீடு பண்றேன். ரிட்டயர் ஆகும்போது ஆபீஸை விற்க முடியுமா சார்?" சிவில் இன்ஜினியரா இருந்து வேல்யூயர் ஆனவர்கள் கேட்கும் கேள்வி இது.

விற்க முடியும். ஆனா நீங்க விற்க நினைக்கிறது வேற, வாங்குறவர் காசு கொடுக்கிறது வேற. இது புரியலைன்னா கடைசியில் ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரு பழைய காருக்கும் உள்ள விலைதான் கிடைக்கும்.

எதை விற்க முடியாது?

முதலில், பதிவு. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் மதிப்பீடு செய்ய ஐபிபிஐ கொடுக்கும் 'நிலம், கட்டடம்' பிரிவுப் பதிவு, பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணின உங்க பெயரில் இருக்கு. அதை இன்னொருத்தர் பெயருக்கு மாற்ற முடியாது.

அடுத்து, பேங்க் பேனல். உங்க தகுதியையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் பேங்க் உங்களைச் சேர்த்திருக்கு. வாங்குறவர் தன் பெயரில் தனியா விண்ணப்பிக்கணும்.

மூன்றாவது, பழைய ரிப்போர்ட்டுகள். அவை வாடிக்கையாளரின் ரகசியத் தகவல். அதை சரக்கு மாதிரி விலை பேசக் கூடாது. ஐபிபிஐ விதிப்படி ஒவ்வொரு வேலையின் ஆவணத்தையும் குறைந்தது 3 வருடம் வைத்திருக்கணும். நீங்க கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுக்கு ஆபீஸை விற்ற பிறகும் நீங்கதான் பதில் சொல்லணும்.

அப்போ எதற்கு விலை?

பழகின சைட் இன்ஜினியர்கள், வேலை ஓடும் முறை, உங்க ஊர் தெருக்களில் நிஜமா என்ன விலைக்குக் கிரயம் ஆகுதுன்னு நீங்க சேர்த்து வைத்த விவரம், அப்புறம் பேங்க்கை நம்பாத வேலைகள். உதாரணமா, பழைய சொத்தை விற்கிறவங்க மூலதன ஆதாய வரிக்காக 2001 ஏப்ரல் 1 நிலவரப்படி மதிப்பீடு கேட்டு வருவாங்க. அவங்களை வக்கீல்களும் என்னை மாதிரி ஆடிட்டர்களும் அனுப்புவோம். நீங்க கூடவே இருந்து அறிமுகப்படுத்தினா இந்தத் தொடர்பு புது ஆளுக்கும் போகும்.

வாங்குறவர் எப்படிக் கணக்குப் போடுவார்?

ஒரு உதாரணம். வருடக் கட்டணம் 40 லட்சம், செலவு 22 லட்சம், மிச்சம் 18 லட்சம். "18 லட்சம் லாபம்"னு நீங்க சொல்வீங்க. ஆனா உங்க இடத்தில் ஒரு வேல்யூயரைச் சம்பளத்துக்கு வைக்க வருடத்துக்கு 12 லட்சம் ஆகும்னு வைங்க. அப்போ உண்மையான லாபம் 6 லட்சம்தான். பேரம் அந்த 6 லட்சத்தில்தான் ஆரம்பிக்கும். மீதி 12 லட்சம் உங்க உழைப்புக்கான கூலி. அதை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டாங்க.

அடுத்து உங்க 26ஏஎஸ் படிவத்தைக் கேட்பார். எந்த பேங்க் எவ்வளவு கொடுத்து டிடிஎஸ் பிடிச்சிருக்குன்னு அதில் வரிவரியா இருக்கும். பாதிக்கு மேல் ஒரே பேங்க்கில் இருந்து வந்தா விலை இறங்கிடும்.

வரி எவ்வளவு?

மொத்த விலை 15 லட்சம்னு வைங்க. ஒப்பந்தத்தில் இதை மூன்றாகப் பிரிச்சு எழுதணும்.

1. நற்பெயருக்கு 12 லட்சம். நீங்களே உருவாக்கின நற்பெயர்னா வாங்கின விலை பூஜ்யம், அதனால் 12 லட்சமும் ஆதாயம். 24 மாதத்துக்கு மேல் இருந்தா நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம், அதாவது 1.5 லட்சம், செஸ் தனி.

2. "இனி இந்த ஊரில் போட்டியாகத் தொழில் செய்ய மாட்டேன்" என்பதற்கு 2 லட்சம். இது தொழில் வருமானம், ஸ்லாப்படி வரி. 30 சதவீத ஸ்லாபில் இருந்தா 60,000.

3. கம்ப்யூட்டர், கார் போன்றவைக்கு 1 லட்சம். இது தேய்மானக் கணக்கில் கழியும்.

தவணையில் பணம் வந்தாலும், விலை முடிவாகிட்டா மூலதன ஆதாய வரி கைமாறின வருடமே முழுசா வந்துடும். அதுக்கு ஏற்ற மாதிரி முதல் தவணையை வாங்குங்க. வாங்குறவர் கவனத்துக்கு: நற்பெயருக்குக் கொடுத்த தொகைக்கு இப்போ தேய்மானம் கிடையாது. இன்னொன்று, ஓடுகிற தொழிலை அப்படியே மொத்தமாகக் கைமாற்றினா அந்த மாற்றத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு.

என்ன செய்யலாம்?

மூன்று வருடம் முன்னாடியே ஆரம்பிங்க. பதிவு பெற்ற இளைய வேல்யூயர் ஒருத்தரைப் பங்குதாரராகச் சேர்த்து ஃபர்ம் ஆக்குங்க. ஃபர்மும் ஐபிபிஐயில் பதிவு செய்யலாம். பேங்க் அனுமதிச்சா பேனலையும் ஃபர்ம் பெயரில் கேளுங்க. ரிப்போர்ட்டுகளில் அவர் கையெழுத்தும் வாடிக்கையாளருக்குப் பழகட்டும். ஒரு எச்சரிக்கை: ரெண்டே பங்குதாரர் இருந்து ஒருத்தர் விலகினா ஃபர்மே கலைஞ்சிடும். மூன்றாவது ஆள் முன்கூட்டியே உள்ளே இருக்கணும்.

இது ரிட்டயர்மென்ட்டுக்கு மட்டும் இல்லை. தனி ஆளா நடத்துற வேல்யூயருக்கு திடீர்னு ஏதாவது ஆயிட்டா பதிவும் பேனலும் அன்னைக்கே முடிஞ்சு போகும். வீட்டில் இருக்கிறவங்க கையில் விற்க ஒண்ணும் இருக்காது, வசூலாகாத பில்களைத் தவிர.

அதனால் இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. கடந்த 3 வருட 26ஏஎஸ் எடுத்து, நீங்க ஆறு மாதம் ஆபீஸ் பக்கம் வரலைன்னா இதில் எவ்வளவு வருமானம் நிற்கும்னு ஒரு பேப்பரில் எழுதுங்க. விற்பனைக்கு உங்ககிட்ட இருக்கிறது அவ்வளவுதான். அந்தத் தொகையைக் கூட்டுறதுதான் அடுத்த மூன்று வருட வேலை.