பெரிய கப்பலில் குடும்பப் பயணம்
குடும்பத்தோடு போக உல்லாசக் கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் பிரம்மாண்டத்தைவிடப் பிள்ளைகளின் வயதே முக்கியம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. 365 மீட்டர் நீளம், 20 தளங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. நீர்ச்சறுக்குகள் மட்டும் ஆறு. 2009இல் வந்த ‘ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்’ நீளத்தில் சற்றே குறைவு. ஆனால் அதன் நடுவில், திறந்த வானத்தின் கீழ், உயிருள்ள செடிகொடிகளோடு ஒரு பூங்கா இருக்கிறது. தாத்தா பாட்டி மாலையில் உலாவ அருமையான இடம். இந்தக் கப்பல்களில் ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு அனுமதியில்லை. கடல் பயணத்தில் குமட்டல் வருபவர்கள், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்குவது நல்லது; ஆட்டம் அங்கேதான் குறைவு.