ட்ரிப்புக்கு வாக்கி-டாக்கி வாங்கலாமா? காசு போடறதுக்கு முன்னாடி 3 விஷயம்



கொல்லிமலைக்கு ரெண்டு கார்ல கிளம்பறீங்க. 70 கொண்டை ஊசி வளைவு, நடுவுல போன் சிக்னல் போயிடுது. முன்னாடி போன வண்டி எங்கே இருக்குன்னே தெரியலை. இதுக்கு வாக்கி-டாக்கி நல்ல தீர்வுதான். ஆனா ஆஃபரைப் பார்த்ததும் ஆர்டர் போட்டுடாதீங்க.

1. லைசென்ஸ்: இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் நாம வாங்கக்கூடியது, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இயங்கும் குறைந்த சக்தி செட். அதுக்கும் இ.டி.ஏ. சான்று இருக்கணும். விலை கம்மியா கிடைக்கிற 5 வாட் செட் இதுல வராது. பறிமுதல் ஆனா போட்ட காசு மொத்தமும் போச்சு.

2. தூரம்: பெட்டியில 10 கி.மீ.ன்னு போட்டிருப்பாங்க. அது தடையே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு. மலையும் மரமும் குறுக்கே வந்தா 1 கி.மீ. கிடைக்கிறதே பெரிய விஷயம். அதிக கி.மீ.க்காக அதிக காசு கொடுக்காதீங்க.

3. கணக்கு: ரெண்டு செட் 6,000 ரூபாய்ன்னு வெச்சுப்போம். 4 பேர் சேர்ந்து வாங்கி, 6 ட்ரிப் போனா, ஒரு ட்ரிப்புக்கு ஆளுக்கு 250 ரூபாய். ஒரே ட்ரிப்போட அலமாரிக்குப் போயிட்டா ஆளுக்கு 1,500! அப்படின்னா வாடகைக்கு எடுக்கறதே லாபம்.

போன வருஷம் உங்க கேங் ப்ளான் போட்டது எத்தனை ட்ரிப், நிஜமா போனது எத்தனை? ரெண்டாவது நம்பரை வெச்சு முடிவெடுங்க. அதை கமெண்ட்லயும் சொல்லுங்க!