வாளோடு வந்தவரும் தராசோடு வந்தவரும்



ஸ்பெயின் நாட்டின் தென்பகுதிச் சிற்றூர்களில் இன்றும் குறுகிய சந்துகளும் வெள்ளையடித்த வீடுகளும் அரபுச் சாயலில் நிற்கின்றன. மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்கள் கி.பி. 711-ல் அங்கே படையோடு வந்தார்கள். 1492-ல் அவர்களுடைய கடைசி அரசும் வீழ்ந்தது. 1609 முதல் அவர்கள் வழிவந்தவர்களையும் நாடு கடத்தினார்கள். கட்டடம் மிஞ்சியது, கட்டியவர் இல்லை.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையின் கதை வேறு. இங்கே அரபு வணிகர்கள் வாளோடு வரவில்லை, தராசோடு வந்தார்கள். முத்தும் சங்கும் வாங்க வந்தவர்கள் இங்கேயே பெண் எடுத்து, மண்ணின் மக்களானார்கள். அவர்கள் வழிவந்த மரைக்காயர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். பழைய பள்ளிவாசலில் கோயில் மண்டபம் போன்ற கல்தூண்களைக் காணலாம். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எல்லாமே தமிழ்ச் சொற்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழும் வளர்ந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான். டச்சுக்காரர்கள் கடல் வாணிபத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவர முயன்ற காலத்தில் கப்பல் வணிகம் நடத்தியவர். கிழவன் சேதுபதி மன்னருக்கு நெருங்கியவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று ஊர் இன்றும் சொல்கிறது. அவர் சேர்த்த சரக்கு எங்கே போனதோ, பெயர் நிற்கிறது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைவீதிகளில் நம்மில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து மூட்டையோடு வந்தவர்கள்தாம். இன்று வடநாட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் கடை திறந்தால் நாமே முணுமுணுக்கிறோம். போட்டி கடுமைதான்; வாடகையும் ஏறுகிறது; கவலை நியாயமானதே. ஆனால் வந்தவர் தமிழ் பேசி, எடை குறைக்காமல், வாங்கிய சரக்குக்குத் தவணை தவறாமல் பணம் கட்டினால் அவரும் நம்மவரே. எடையில் ஏமாற்றுகிறவர் உள்ளூர்க்காரரானாலும் கடைவீதிக்கே கெட்ட பெயர். சங்கத்தில் ஆளைச் சேர்க்கும்போது ஊரைக் கேட்க வேண்டாம், நாணயத்தைக் கேட்போம்.

2025 ஏப்ரலில் தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கினால் கீழக்கரை சிறிது தூரம்தான். கடைக்கு விடுமுறை விடும் நாளில் குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.