நம் ரிப்போர்ட் யார் கையில்?

1986இல் வேலூருக்கு வந்த ரத்தம்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தன் பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேறி அதை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுவந்தார். டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பதாகத் தெரிந்தது. எச்.ஐ.வி இந்தியாவுக்குள் வந்துவிட்டதை நாடு அறிந்தது இப்படித்தான்.

மருத்துவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த ஆறு பெண்களின் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது. நாட்டை எச்சரிக்க ஆறு என்ற எண்ணே போதுமாக இருந்தது. நோய் பரவுகிறது என்ற செய்தி ஊருக்கு வேண்டும். யாருக்கு நோய் என்பது வேண்டாம். இன்று கைபேசியில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர்.

ஜெராக்ஸ் கடையில் தங்கிவிடும் நோய்

வேலூரில் சி.எம்.சி. இருக்கும் ஐடா ஸ்கடர் ரோட்டில் காலையில் நின்று பாருங்கள். வங்காளம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் கையில் ஃபைலோடு போய்க்கொண்டிருப்பார்கள். பக்கத்துத் தெருக்களில் லாட்ஜுகள், ஜெராக்ஸ் கடைகள். ஊரிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்க, அதைக் கடைக்காரர் எண்ணுக்கு அனுப்புகிறோம். பிரிண்ட் வந்ததும் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். பெயர், வயது, போன் எண், மருத்துவமனை எண், புற்றுநோயின் நிலை எல்லாம் அந்தக் கணினியிலேயே கிடக்கின்றன. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்து அங்கே உட்காரப்போவது யார் என்று அவருக்கே தெரியாது. ஒரு நிமிடம் நின்று, கண்ணெதிரே கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பை அங்கே திறந்திருந்தால் லாக்அவுட் செய்துவிட்டே நகருங்கள்.

உதவி கேட்டு ஸ்டேட்டஸ் போடுவதும் அப்படித்தான். குழந்தையின் முகம், ட்யூப் செருகிய மூக்கு, டிஸ்சார்ஜ் சம்மரி. பதறிய பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் படம் பத்து ஆண்டு கழித்து, அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுப் போட்டாலும் உதவ நினைப்பவர் உதவுவார்.

இன்னொருவரின் மருந்துச் சீட்டு வாட்ஸ்அப் குழுவில் வந்தால் அதைப் பார்த்து மாத்திரை வாங்காதீர்கள். சர்க்கரைக்குப் பலரும் போடும் மெட்ஃபார்மின்கூடச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தே அளவு முடிவாகிறது.

தோல் தொழிலாளியின் கை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் குரோமியம் உப்பில் கை படுகிறது. சிலருக்கு அரிப்பு, வெடிப்பு, ஆறாத புண். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே குரோமியத்தால் வரும் புண்ணை, மருத்துவர் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருந்தது. அந்தச் செய்தி ஆய்வாளரிடம் போனால் கையுறை வரும், காற்றோட்டம் வரும். அதே கையின் படம் தெருக்காரர்களின் குழுவுக்குப் போனால் “தொத்து நோயா?” என்ற கேள்விதான் வரும். இது தொற்றாது. ஆனாலும் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய்க்கென்றே தொடங்கிய மருத்துவமனை இருக்கும் வட்டாரம் இது. தோலில் ஒரு தழும்பு என்றாலே விலகிப் போகிறவர்களை நாம் அறிவோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, ஒருவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. கொரோனா நோயாளிகளின் வீட்டு வாசலில், உரிய அதிகாரியின் உத்தரவில்லாமல் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்றும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

யாரிடம் மறைக்கக் கூடாது

மருத்துவரிடம். பழைய வலிப்பு, குடிப்பழக்கம், ஒத்துக்கொள்ளாத மருந்து எதையும் விடாமல் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. காசநோய் என்றால் ஒரே வீட்டில் இருப்பவர்களிடமும், ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் உடன் தங்குபவர்களிடமும் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் பரிசோதனை தேவை. அதை நேரில், குரல் தாழ்த்திச் சொல்லலாம்.